கேட்டில் பறித்த பன்னிரண்டு மாத்திரை

அக்கா,

இன்று காலை பீடோங் கிளினிக்கில் பிரஷர் மாத்திரைக்காகக் காத்திருந்தேன். உள்ளே யாரோ பெப்பர்மிண்ட் கலந்த வயிற்று மருந்தை ஊற்றினார்கள். அந்த வாசத்தோடு உன் நினைவு வந்தது. கூடவே நம் தோட்டத்தில் கணக்கெழுதிய அந்தக் கிராணியின் முகமும் வந்தது. எனக்கு இரண்டும் தனித்தனியாக வருவதில்லை.

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. கோலா கெத்தில் பக்கம் நம் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியோ மருந்தோ காட்டுக்குப் போகாமலிருக்கக் கேட்டில் எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். நான் பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகும் மாணவன். மூன்று மாதம் போத்தல் கழுவினேன். பிறகுதான் களிம்பு குழைக்கவும், அவுன்ஸ் கிளாஸைக் கண் மட்டத்துக்குத் தூக்கி அளக்கவும் விட்டார்கள். லீவில் வந்தால் பெப்பர்மிண்ட் வாசம் போகாத என் விரல்களை நீ முகர்ந்து பார்ப்பாய். "ரப்பர் பால் நாத்தம் இல்லாத கைடா. இப்படியே இருக்கட்டும்," என்பாய். தாய் தகப்பன் இல்லாத என்னைப் பால்வெட்டிப் படிக்க வைத்தவள் நீ.

ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். ஆட்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசியவள் நீ ஒருத்திதான். அதை அவர் மறக்கவில்லை.

அந்த மாதமே நீ நெஞ்சுச்சளிக் காய்ச்சலில் விழுந்தாய். செய்தி கேட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் சல்ஃபா மாத்திரை பன்னிரண்டு கொடுக்கச் சொல்லி, கடிதமும் எழுதித் தந்தார். என் கையாலேயே எண்ணிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கேட்டில் காவலுக்கு நின்றவன் என்னை விட்டிருப்பான். அதற்குள் கிராணி வந்துவிட்டார்.

"இவன் ஆஸ்பத்திரி மருந்தைக் கடத்துறான் லா. காட்டுல இருக்கிறவனுக்குத்தான் போவுது."

"டாக்டர் கடுதாசி இருக்குங்கய்யா. படிச்சுப் பாருங்க."

வாங்கி முழுதும் படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாத்திரைப் பொட்டலத்தையும் பறித்துக்கொண்டார்.

"கடுதாசியா? எந்தக் கடுதாசி?"

என்னை மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். டாக்டரே நேரில் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். நான் வந்தபோது உன்னைப் புதைத்திருந்தார்கள். "தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாப்பா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பல வருஷம் கழித்து, நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தக் கிராணி வந்தார். ஆஸ்துமா. நின்று பேச மூச்சு இல்லை. என்னை அடையாளம் தெரியவில்லை.

"மருந்து முடிஞ்சிருச்சு. நாளைக்கி வாங்க," என்றேன். போத்தல் என் முதுகுக்குப் பின்னால் நிறைய இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன் அக்கா. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீ அவ தம்பிதானே? அன்னைக்கி நான் செஞ்சது பாவம்தான். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா."

ஒரு துளி குறையாமல் மருந்தை அளந்து கொடுத்தேன்.

"குலுக்கிக் குடிங்க. மூணு வேளை."

அவர் நகரவில்லை. அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டேன்.

அந்த வருஷமே இறந்து போனார். நான் சாவுக்குப் போகவில்லை. ஒருநாள் மருந்தை மறுத்ததற்கு நீ இருந்தால் என்னை அறைந்திருப்பாய், வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாததற்கு இன்றுவரை நான் வருந்தவில்லை. சொல்ல வேண்டியவள் நீ. உன்னிடம் கேட்க முடியாமல் செய்துகொண்டவர் அவர்தான்.