அந்தப் பூஞ்சை என் கையிலிருந்து வந்தது

மாஸ்க்குக்கு மேலே கண்ணாலேயே சிரிக்கும் என் தனம் அக்காவுக்கு,

நம் பேரீச்சங்கன்றுகள் மண்ணுக்கு வந்துவிட்டன. போன வாரம்தான் குப்பியிலிருந்து எடுத்து, வேரைக் கழுவி, தொட்டியில் வைத்தோம். இலை இன்னும் புல் மாதிரிதான் இருக்கிறது. நீ பார்த்திருந்தால், "இன்னாடி, இதுக்கா நாலு வருசம்?" என்று கேட்டிருப்பாய்.

நல்ல ரகத் தாய்மரத்தின் அடியில் முளைத்த பக்கக்கன்றுகள் நம் திருவொற்றியூர் திசு வளர்ப்பு லேபுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போனோம். கடைசியில் கிடைத்தது விரல்நுனி அளவு வெள்ளைக் குருத்து. "கொட்டையப் போட்டா மொளைக்காதா சார்?" என்று நீ கேட்டாய். கொட்டையில் முளைப்பது ஆணா பெண்ணா தெரியாது, பழமும் தாய்மரத்தைப் போல இருக்காது என்றார் சூப்பர்வைசர். அந்தக் குருத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, குப்பிக்குள் சத்து கலந்த ஜெல்லியில் ஊன்றி, மாசக்கணக்கில் இருட்டறையில் வைத்துக் காத்தோம்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. என் மகள் ஜுரத்தோடு வியாசர்பாடி வீட்டில் கிடந்தாள். என் மனசும் அங்கேதான் கிடந்தது. இடுக்கியைத் தீயில் காட்டிக் கிருமி நீக்காமலே குப்பிக்குக் குப்பி விட்டிருக்கிறேன். ஐந்தாம் நாள் ஒரு அடுக்குக் குப்பிகள் முழுக்கப் பஞ்சு மாதிரி பூஞ்சை.

"இந்த மேஜையில ரெண்டு பேருதான். யாரு செஞ்சது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "நான்தான் சார்."

குழாயடியில் உன் கையைப் பிடித்தேன். "இன்னாக்கா இப்டி பண்ணிட்ட?"

"சும்மா கெட. உனக்கு வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல. உன்னைன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்னை பாட்டில் கழுவத்தான் அனுப்புவாங்க."

அப்படியே அனுப்பினார்கள். ஒன்றரை வருசம் கழுவினாய். "வேலையில கவனமே இல்லாதவ" என்று உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் திட்டியபோது நானும் அங்கேதான் டீ டம்ளரோடு நின்றேன். ஏன் பேசவில்லை? பயம்தான் அக்கா. வேறு என்ன சொல்ல?

மஞ்சள்காமாலை வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கன்னு வேர் வுட்டுச்சா?" என்று கேட்டாய். "வுட்ருச்சுக்கா" என்றேன். அதுவும் பொய். அப்போது தளிர் மட்டும்தான் வந்திருந்தது. இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

தொட்டியில் வைத்த அன்று, "வசந்தி கை சுத்தமான கை" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. "சார், அன்னிக்கு வந்த பூஞ்சை என்னால வந்தது. தனம் அக்கா எனக்காக ஒத்துக்கினாங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மாவ எவ்ளோ பேசிட்டேன்" என்று மட்டும் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ?

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். திட்டட்டும், கதவைச் சாத்தட்டும். சாத்தினால் அடுத்த ஞாயிறும் போய் நிற்பேன். "என் மவ தனம் கவனமானவ" என்று உன் அம்மா வாயாலேயே சொல்லும்வரை போவேன் அக்கா.

உன் தங்கச்சி,
வசந்தி