பின்பக்கச் சுவர்

மஸ்கட்
14.9.2008

அன்புள்ள யூனிஸ்,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கம்ப்யூட்டரில் ஏரிப் பராமரிப்பு வகுப்பு படிக்கிறேன் அல்லவா? அவரவர் ஊர் ஏரியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் கோடைக்காலப் படத்தை அனுப்பினேன். "செத்த ஏரி" என்று எழுதிவிட்டார் வகுப்பெடுக்கும் வெள்ளைக்காரர். சித்திரையில் வற்றி ஐப்பசியில் நிரம்பும் என்பதுகூடத் தெரியாத மேதாவி! விளக்கினேன். "நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்றார்.

வரைந்து காட்டும்போதுதான் தெரிந்தது. மிச்சத் தண்ணீர் போகும் கால்வாயை மறித்துத்தான் நம் பின்பக்கச் சுவர் நிற்கிறது.

கட்டும்போதே, அது கால்வாயா என்று கேட்டேன். உன் அண்ணன் காலேப், "அது சும்மா பள்ளம் மாப்ள. படிச்சவங்களுக்கு எதை எடுத்தாலும் பேஜாருதான்!" என்று சிரித்தார். அந்த அறிவாளியை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

பயப்படாதே. மழை வலுத்தால் சமையலறைக்குள் தண்ணீர் வரலாம், அவ்வளவுதான். அதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை இடித்துவிடு. அண்ணனிடம் காரணம் சொல்லாதே, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஏரி நிரம்பியதும் கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அந்த மேதாவிக்குக் காட்டத்தான். நீயும் படத்தில் இரு.

கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

ஜீவரத்தினம்