நோர்வேக்கார அன்ரியிடம் நான் சொன்ன பேர்

அண்ணை,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரன் தன் முன்பக்கத்துச் செடிவேலியை மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தான். யூனியன்வில்லில் குளிர் முடிந்துவிட்டது என்று அரசாணை பிறப்பிக்கும் அதிகாரம் அந்த மெஷினுக்குத்தான் உண்டு. நான் கையில் தேநீருடன் வாசலில் நின்று என் சாம்ராச்சியத்தை, அதாவது மூன்று குப்பைத் தொட்டிகளையும் ஒரு பழைய வானையும், பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வெட்டுப்பட்ட செடியின் வாசம் வந்தது. பிசினும் பச்சையும் கலந்து மூக்கின் அடிவரை போய்க் குத்தும் வாசம். ஜூனிப்பர். பாதித் தேநீர் என் காலில் ஊற்றுண்டது. உள்ளே ஓடிக் கதவைப் பூட்டி, அது போதாதென்று சங்கிலியும் போட்டேன். உலக வரலாற்றில் ஒரு செடிக்குப் பயந்து கதவுக்குச் சங்கிலி போட்ட முதல் வீரன் நான்தான்.

நீங்கள் இருந்திருந்தால் பேஸ்மென்ற் படியில் ஏறி வந்து, "எடேய், என்னடா உது, பேயைக் கண்டனியோ" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் போன இந்த நாலு மாதத்தில் அந்தப் படியில் நான் ஒருமுறைகூட இறங்கவில்லை. அரிசி மூட்டை கீழேதான் இருக்கிறது. மனைவியை அனுப்புகிறேன். முழங்கால் வருத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பதின்மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம் துணைக்கு வந்தாலும் நான் இறங்கமாட்டேன்.

அந்த வாசம் உங்களுக்கும் தெரிந்ததுதான். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நாம் ஏழு பேர் ஒரு மேல்மாடியில் அரசாண்ட காலம். கீழே வீட்டுக்காரி, நோர்வேயின் வடக்கு முனையிலிருந்து வந்த விதவை. அவர் ஊரில் வருடத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டியும் பார்க்காது என்று சொன்னபோது, அப்படியென்றால் அங்கே கறன்ற் பில் என்னவாகும் என்று கேட்டவன் நான். சனிக்கிழமைகளில் ஜூனிப்பர்க் கொப்பை இரும்புச் சட்டியில் எரித்து, அந்தப் புகையை அறை அறையாகக் கொண்டு திரிவார். நம்முடைய சாம்பிராணி மாதிரி என்று நினைத்து நாமும் பக்தியோடு எழும்பி நிற்போம். அவரை அன்ரி என்று கூப்பிட்டோம். அவர் பேசியது ஆங்கிலம். நான் இங்கே அதை எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன்.

நான் மீன் வெட்டிய அந்தப் பின்னேரம் நினைவிருக்கிறதா? உறைந்த அறக்குளா. அதைவிடக் கருங்கல்லை வெட்டியிருக்கலாம். கத்தி வழுக்கி என் உள்ளங்கையில் இறங்கியது. இரத்தம் கூரையில் அடித்தது என்று நான் பிறகு முப்பது வருடம் சொல்லித் திரிந்தேன். கூரையில் அடிக்கவில்லை. ஆனால் நீங்கள் சுற்றிய சாரம் முழுவதும் நனைந்து, படியில் சொட்டியது. மற்றவர்கள் வேலையில். நீங்கள் என்னைத் தூக்காத குறையாக அன்ரியின் குசினிக்குக் கொண்டுபோனீர்கள்.

அன்ரி கையைப் பார்க்கவே இல்லை. "பேர்," என்றார். "அம்மா கூப்பிட்ட முழுப்பேர்."

அர்ச்சனைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, நான் தகப்பன் பேர், என் பேர், ஊர், பூரட்டாதி நட்சத்திரம், கும்பராசி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். "நட்சத்திரம் எனக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அன்ரி சுவர்ப்பக்கம் திரும்பினார். உதடு மட்டும் அசைந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தின் வரிகள் அதில் இருந்ததாகவும், இடையிடையே வேறெதுவோ இருந்ததாகவும் வேதக்காரரான நீங்கள் பிறகு சொன்னீர்கள். எனக்குச் செபம் கேட்கவில்லை. மூச்சுத்தான் கேட்டது. யாரோ பனிக்குள் ஓடுவதுபோல வேகமாக இழுத்த மூச்சு, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. கண் திறந்தபடி இருந்தது, கண்ணுக்குள் ஆள் இல்லை. எங்கள் ஊர்க் கோயில்களில் உடுக்கடித்து ஆட்களுக்குக் கலை வரப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரோ உள்ளே வருவார்கள். இங்கே அன்ரி வெளியே போயிருந்தார்.

திரும்பி வந்தபோது அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. என் கையில் இரத்தம் நின்றிருந்தது. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

நீங்கள் நன்றி சொல்ல வாயெடுத்தீர்கள். அன்ரி மேசையில் ஓங்கி அறைந்தார். "சொல்லாதை. சொன்னால் கட்டினது அவிழும்." நன்றி சொல்லாமல் இருப்பதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை, அன்ரி பயப்படத் தேவையில்லை என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு கோப்பி ஊற்றியபடி அன்ரி சொன்னது இவ்வளவுதான். அவருடைய ஆட்கள் பனிமான் மேய்த்தவர்கள். தோலில் படம் எழுதிய மேளம் ஒன்று வைத்திருந்தார்கள். அதை அடித்துக்கொண்டு வருத்தக்காரரைத் தேடிப் போவார்கள், உடம்பு இங்கேயே கிடக்கும். பாதிரிமார் வந்து மேளங்களைப் பறித்து எரித்தார்கள். "மேளம் போயிட்டுது. நாங்கள் வேதத்துக்கை ஒளிச்சிட்டம். நான் சூனியக்காரி இல்லை, நான் வாசிக்கிறன், அவ்வளவுதான்." அவர் ஊரில் இன்றும் இரத்தம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களே வாசிக்கிற கிழவிக்குப் போன் எடுப்பார்களாம். நேரில் பார்க்கவேண்டியதில்லை. பேர் மட்டும் சரியாக இருக்கவேண்டும். "பேர்தான் பாதை. பிழையான பேர் தந்தால் நான் பிழையான ஆளிட்டைப் போவன்."

உங்கள் முகம் அப்போது சுண்ணாம்பாய் வெளுத்தது. என் இரத்தத்தைப் பார்த்து வந்த மயக்கம் என்று நினைத்தேன்.

அடுத்தநாள் காலை பின்வாசல் படியில் வைத்துத்தான் சொன்னீர்கள். நாங்கள் எல்லாரும் உங்களைக் கூப்பிட்ட பேர் உங்களுடையது இல்லை. ஏஜென்ற் கையில் திணித்த பாஸ்போட்டில் இருந்த பேர் அது. அந்த ஆள் யார், எந்த ஊர், இருக்கிறானா, உங்களுக்குத் தெரியாது. படத்தை மாற்றி ஒட்டினார்கள், பேரை மாற்ற நேரமில்லை. அந்தப் பேரிலேயே அகதிக்குக் கேட்டு, அந்தப் பேரிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டு, இனி வாய் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருந்தீர்கள். பிறகு என் காதுக்குள் உங்கள் பேரைச் சொன்னீர்கள். தீவில் உங்கள் அம்மா கூப்பிட்ட, கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி வைத்த பேர்.

"எனக்கு ஒருநாள் இரத்தம் நிக்காமல் வந்தால் நீதான் அவவுக்குச் சொல்லவேணும். இந்தப் பேரைச் சொல்லு. மற்றதைச் சொல்லிப்போடாதை."

"உங்களுக்கு இரத்தம் எங்கையிருந்து வரப்போகுது அண்ணை, உடம்பிலை இருக்கிறது முழுக்கப் பிளேன்ரீ," என்றேன் நான்.

முப்பத்தைந்து வருடம். நான் கலியாணம் கட்டினேன், வீடு வாங்கினேன், நீங்கள் என் பேஸ்மென்றுக்கு வந்தீர்கள். உங்கள் பாஸ்போட் விண்ணப்பப் போமில், இந்தப் பேரில் இவரை எனக்குத் தெரியும் என்று உத்தரவாதக் கையெழுத்தைச் சிங்கம்போல வைத்தவனும் நான்தான். அன்று தொடங்கி உங்கள் பயத்தில் பாதி எனக்குச் சொந்தமானது. பல்லுப் பிடுங்க, மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கு என்று எல்லாவற்றுக்கும் அன்ரிக்குப் போன் எடுத்தேன். உங்களுக்காக மட்டும் ஒருமுறையும் தேவைப்படவில்லை.

தை மாதத்து அந்தச் சனிக்கிழமை காலை, நான் சொல்லச் சொல்லக் கேளாமல் பனி தள்ள இறங்கினீர்கள். வழுக்கிப் பின்மண்டை சீமெந்துப் படியில் அடித்தது. இதயத்துக்கு எடுத்த குளிசை இரத்தத்தைத் தண்ணீராக்கி வைத்திருந்தது. உள்ளே கொண்டுவந்து கிடத்தினேன். இரண்டு துவாய் நனைந்து மூன்றாவதும் நனைந்தது. அம்புலன்ஸுக்கு அடித்தேன். அடுத்த நிமிடம் தொடங்கி அன்ரிக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்ரி போனை எடுத்த அதே நேரம் அம்புலன்ஸ்காரர் இருவர் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் ஹெல்த் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இவருடைய பேர் என்ன?" என்றாள். காதில் அன்ரியும், "பேர்?" என்றார். சீருடை, தொப்பி, இடுப்பில் கறுப்புப் பட்டி. என் வாய் தானாகத் திறந்தது. கார்டில் இருந்த பேரைச் சொன்னேன்.

அன்ரி கேட்டார். "தாய் கூப்பிட்ட பேரோ?"

அம்புலன்ஸ்காரப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன்.

உங்களுக்கு அது கேட்டதா, அண்ணை? கண் பாதி திறந்திருந்தது. நான் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன், கேட்டிருக்காது என்று. ஆயிரத்தோராவது தடவை கேட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

உங்களை அம்புலன்ஸ் கட்டிலில் ஏற்றும்போது அன்ரியின் குரல் திரும்பி வந்தது. பல் அடிக்கும் சத்தம் போனுக்குள் கேட்டது. "நீ சொன்ன ஆளிட்டைப் போனன். அங்கை இரத்தம் இல்லை. தண்ணி. குளிர்ந்த தண்ணிக்கை கனகாலமாய்க் கிடக்கிறான். ஆரைத் தந்தனீ எனக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாலு எட்டு நடந்து குசினிக்குள் போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். "பிறகு எடுக்கிறன்," என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள். தலைக்குள் கசிந்த இரத்தம், யாராலும் நிறுத்தியிருக்க முடியாது என்றார் டொக்டர். அவர் நல்ல மனிதர். அவரை நம்பத்தான் பார்க்கிறேன்.

அடக்கப் பூசையில் பாதர் கார்டில் இருந்த பேரைச் சொன்னார். முப்பத்தோராம் நாளிலும் அதே பேர். என் வீட்டுக்கு இன்றைக்கும் அந்தப் பேரில் கடிதம் வருகிறது. அதை எடுக்கும்போது கை குளிர்கிறது. அந்தப் பாதையைத் திறந்துவிட்டவன் நான். அந்த வழியாக யார் வந்து கீழே இருக்கிறார்களோ என்றுதான் படியில் இறங்காமல் இருக்கிறேன். முழங்காலில் ஒரு வருத்தமும் இல்லை.

இன்று காலை சங்கிலி போட்ட கதவின் பின்னால் பத்து நிமிடம் நின்றேன். பிறகு சங்கிலியை எடுத்துவிட்டு, வானை றிச்மண்ட் ஹில்லுக்கு விட்டேன். அன்ரி அங்கே முதியோர் இல்லத்தில். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். யன்னலருகில் இருந்து படத்துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "நாலு மாசம். உனக்கு நடந்து வரவே இவ்வளவு நாள்?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பேரை மட்டும் சொல்லவில்லை.

"பூசையெல்லாம் ஆரின்ரை பேரிலை?"

"அந்தப் பேரிலை."

"அப்ப அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நல்லது. அவனைத் தேடியும் ஒருத்தரும் போகேல்லைப் போல." ஒரு துண்டை எடுத்துப் பொருத்திப் பார்த்து வைத்தார். "உன்ரை ஆளுக்கு?"

"இப்ப அவரின்ரை பேரைச் சொல்லட்டோ, அன்ரி?" என்றேன்.

அன்ரி இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். "எனக்குச் சொல்லாதை. சொன்னால் நான் போகவேண்டி வரும். போறது இப்பவும் லேசு. திரும்பி வாற வழிதான் எனக்கு இப்ப பிடிபடுகுதில்லை."

அந்தப் பயத்தை நான் அவரிடம் முதன்முறையாகக் கண்டேன். நன்றி சொல்லாமல் எழும்பி வந்தேன்.

அங்கிருந்து நேரே உங்கள் கோயில் ஒஃபிஸுக்கு. பூசைக்குப் பேர் எழுதும் கொப்பியோடு இருந்த பிள்ளை, "ஆரின்ரை பேருக்கு, அங்கிள்?" என்றாள். கொப்பியை வாங்கி நானே எழுதினேன். முதலில் அந்த மனிதரின் பேர். அதன் கீழே உங்களுடையது. என் கையால் அதை நான் எழுதியது இதுதான் முதல் தடவை. கதவுப்பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"மேலை இருக்கிறவரைத் தெரியும், உங்கடை வீட்டிலை இருந்தவர். கீழை இருக்கிறவர் ஆர்? உப்பிடி ஒரு பேரை நான் கேள்விப்படேல்லையே."

"ஒருத்தரும் கேள்விப்படேல்லைப் பிள்ளை."

"சகோதரமோ?"

"ஒரே பாஸ்போட்டிலை வந்த ரெண்டு பேர்," என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. முப்பத்தைந்து வருடம் நீங்கள் காத்ததை நான் ஒரு மேசைக்கு முன்னால் போட்டுடைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து, "என்ரை அப்பாவும் அப்பிடித்தான் அங்கிள்," என்றாள். "ஞாயிற்றுக்கிழமைப் பூசை மன்றாட்டிலை பேர்களை நீங்களே வாசியுங்கோவன்."

நான் சைவ சமயக்காரன், எனக்கு மன்றாட்டு வாசித்துப் பழக்கமில்லை என்றேன். பேர் தெரிந்தவர்தான் வாசிக்கவேணும் என்றாள்.

ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள். இதை எழுதும்போதும் கதவில் யாராவது தட்டுவார்களோ என்று காது அங்கேயே நிற்கிறது. என் கையெழுத்துள்ள அந்தப் போம் ஏதோ ஒரு அலுமாரியில் இன்னும் இருக்கும். உங்களைத் திருப்பி அனுப்ப இனி ஒருவராலும் முடியாது. என்னைக் கேள்வி கேட்க முடியும். கேட்கட்டும் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நான் அவ்வளவு பெரிய வீரன் இல்லை, நீங்கள் அறிவீர்கள்.

மனைவி வேலையால் வருவதற்கிடையில் குசினியில் நின்று உங்கள் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன். தகப்பன் பேர் முன்னால், பிறகு உங்களுடையது. ஐந்தாறு தடவை மூச்சுக்குள், ஒரு தடவை வாய்விட்டு. வாய்விட்டுச் சொன்னபோது பேஸ்மென்ற் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொன்னேன், அண்ணை. முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.