கலப்புக் கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் முதல் வேலையாக, உலையில் இருந்த கண்ணாடித் துண்டுகளை எடுத்து அளந்தேன். சோடியம் மட்டும் சேர்த்ததில் அயனிகள் வேகமாக நகர்ந்திருந்தன. பொட்டாசியம் மட்டும் சேர்த்ததிலும் அப்படித்தான். இரண்டும் கலந்ததில் இரண்டுமே ஊர்ந்திருந்தன. ஒன்று விட்டுப்போன இடம் மற்றதற்குப் பொருந்துவதில்லை.

"நான் கூட வந்தா நீயும் ஆமை மாதிரிதான் நடக்கணும். புது வேலைக்குத் தனியாவே போ தாயே!" என்று சிரித்துவிட்டு, ஊன்றுகோலோடு அக்கா வீட்டுக்குப் போனீர்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கலப்புக் கண்ணாடியைத் தண்ணீர் அவ்வளவு எளிதில் அரிப்பதில்லை.

புது ஊரில் படியில்லாத வீடாக, இரண்டு பேருக்குக் கேட்கப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
இன்னொரு ஆமை