இருந்த இடத்துக்கு அத்தாட்சி

மார்ச் 4

என்னங்க,

அக்கா வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆச்சு. சௌக்கியம்னு எழுதினா பொய். "எப்போ வர்றே?"ன்னு நாலு கடிதம் போட்டுட்டீங்க, நான் கேட்டதுக்கு மட்டும் பதில் இல்லை. மூணு மாசமா எங்கே இருந்தீங்கன்னு கேட்டா "லேப்ல"ம்பீங்க. லேப்புக்கு ஃபோன் பண்ணா யாரும் எடுக்கறதில்லை. வேற ஒருத்தி இருக்காளோன்னுகூட நினைச்சேன், வெட்கத்தை விட்டு எழுதறேன். உண்மையைச் சொல்லுங்க, அன்னைக்கே கிளம்பி வர்றேன்.

ஆள் எங்கே இருக்கான்னு நிரூபிக்கற மெஷின் செய்யறவர் நீங்க! ஊருக்குத்தான் உபதேசம் போல.

உங்க வாயாடி

மார்ச் 9

என் வாயாடிக்கு,

வேற ஒருத்தியா! காபிகூடப் போடத் தெரியாத என்னை எவ சீந்துவா? லேப் உள்ளே ஃபோனுக்கு அனுமதி இல்லைன்னு எத்தனை தடவைதான் சொல்றது?

என் வாய் வார்த்தை வேண்டாம், ஆதாரமே அனுப்பறேன். எங்க குவாண்டம் சோதனைக்கு ஆள் நானேதான். என் மேசைக்கு ரெண்டு பக்கமும் தூரத்துல ஒவ்வொரு நிலையம். ஒண்ணு ஒளித்துகள் அனுப்பும். அதை எப்படி அளக்கணும்னு இன்னொண்ணு சொல்லும். நான் மேசையில இருந்து கைரேகை வச்சாத்தான் அளந்த பதில் ரெண்டு பக்கமும் நேரத்துக்குப் போகும். வேற எங்கிருந்து அனுப்பினாலும் ஒரு பக்கம் தாமதமாயிடும், ஒளியை யாரும் முந்த முடியாது. அந்தத் துகளைப் பிரதி எடுக்கவும் முடியாது, அதனால வேற இடத்துல இருந்துட்டு மேசையில இருக்கற மாதிரி ஏமாத்தறது லேசுல நடக்காது.

மூணு மாசப் பதிவு, ஒரு நாள் விடாம இத்தோட இருக்கு. பார்த்துட்டுப் பெட்டியைக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 12

என்னங்க,

பார்த்தேன். ஒருத்தியும் இல்லை. சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க.

ஜனவரி பதினொண்ணையும் பார்த்தேன். எனக்கு ஆபரேஷன் நடந்த நாள். மயக்கம் தெளிஞ்சதும், "காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில கீழேதான் உட்கார்ந்திருந்தேன், நர்ஸ் மேலே விடலை"ன்னு என் கையைப் பிடிச்சுட்டு அழுதீங்க. அதுக்காக அந்த நர்ஸைக் கன்னாபின்னான்னு திட்டினேன், பாவம். உங்க தாள்ல காலை ஒன்பதேகால்லேர்ந்து சாயங்காலம் அஞ்சு நாற்பது வரைக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, நீங்க மேசையில இருக்கீங்க.

வேலைன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் கத்தியிருப்பேன், மூணாம் நாள் சமைச்சுப் போட்டிருப்பேன். அழுதீங்களே, அதைத்தான் தாங்க முடியலை.

அந்த ஒரு பக்கத்தை எடுத்துட்டு அனுப்பணும்னுகூட உங்களுக்குத் தோணலை. அந்தத் தேதியே உங்க ஞாபகத்துல இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதீங்க.