கொட்டாஞ்சேனைச் சுவர்களில் நான் துடைத்த நிழல்

என் செல்லக் கழுதை அன்ரனுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. டெங்குக் காய்ச்சல் என்று படுத்தவன் ஆறாம் நாள் இல்லை. நான் இன்னும் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதில்தான் வருவதில்லை.

போன கிழமை அம்மா கேட்டார். "உவன் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து அப்பிடி என்ன பிள்ளை செய்தவன்? கேம் செய்தவனே?"

"இல்லையம்மா. கேம் வேற ஆரோ செய்த பழைய கார் கேம். அதில சுவர், றோட்டு, கடை எல்லாம் மங்கிப்போய்க் கிடந்தது. இவன் அதுகளைத் தூக்கிப்போட்டு எங்கட கொட்டாஞ்சேனையைப் போட்டோ பிடிச்சு ஒட்டினவன். அதைத்தான் மொட் எண்டு சொல்லுறது."

"ஆர் செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"விசரன்," என்று சொல்லிவிட்டு அம்மா அழுதார்.

விசரன்தான். "வெயில் ஏற முந்திப் போடா, இல்லாட்டி மப்பு நாளில போ" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நீ ஞாயிறு பூசை முடிந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை எல்லாம் அளந்து, வெயில் கொளுத்தத் தொடங்கிய பிறகுதான் கமராவைத் தூக்குவாய். சிங்களத் தேங்காய்க்கடைக்காரர் "மல்லி, தம்பி, சுவருக்கு என்னத்துக்குப் போட்டோ?" என்று கேட்டதற்கு, "அய்யே, உங்கட சுவர் வெளிநாடு போகப்போகுது" என்றாயாமே. படத்தைத் திறந்தால் சுவர் பாதி, உன் நிழல் பாதி. ஹெல்மெட்டைக் கழற்றவும் பஞ்சி. சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பது போல ஒரு தலை.

கேமில் ஒரே படம்தான் சுவர் நெடுகத் திரும்பத் திரும்ப வரும். அப்படியே ஒட்டினால் ஐந்தடிக்கு ஓர் அன்ரன் நிற்பான். "பேய்த் தெரு மாதிரிக் கிடக்கு, தா இங்க" என்று வாங்கி நான் துடைத்தேன். வெள்ளவத்தை ஸ்டூடியோவில் மாப்பிள்ளை பொம்பிளையின் பருவும் வியர்வையும் அழித்துப் பழகிய கை இது. ஒரு சுவருக்குப் பத்து நிமிடம் போதும். எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

"ஒறிஜினலையும் வைச்சிரு அக்கா," என்றாய்.

"என்னத்துக்கு? உன்ர நிழலைக் கட்டிப்பிடிச்சு அழவோ?"

வேலை முடிந்தால் பழையதை அழித்துவிடுவது ஸ்டூடியோப் பழக்கம். எல்லாவற்றையும் அழித்தேன். அப்படிச் சொன்ன என் நாக்கு அழுகிப்போகாதா?

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து கேமைத் திறந்தேன். ஒவ்வொரு தெருவாகக் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினேன். ஒரு முழங்கை, ஒரு ஹெல்மெட் விளிம்பு, எங்காவது தவறவிட்டிருப்பேன் என்று பார்த்தேன். இல்லை. பாவி நான், அவ்வளவு துப்புரவாக வேலை செய்திருக்கிறேன். வீட்டிலும் உன் படம் எத்தனை இருக்கிறது சொல்லு? சின்னனில் எடுத்த முதல்நன்மைப் படம் ஒன்று, அடையாள அட்டைப் படம் ஒன்று. எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்றவன் நீதானே.

முந்தநாள், நீ இணையத்தில் ஏற்றிவிட்ட கேமை விளையாடுகிற யாரோ அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். கோயிலுக்குப் பின்னால், நான் அன்று காரைத் திருப்பாத ஒழுங்கைச் சுவரில் ஓர் ஆளின் நிழல் தெரிகிறதாம். பிழையாம், திருத்தவேணுமாம். சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். "அம்மா, ஓடி வாங்கோ, தம்பி நிக்கிறானாம்!" என்று கத்தியும் விட்டேன். ஏன்தான் கத்தினேனோ. அம்மா ஓடிவந்த கோலத்தை நீ பார்க்காதது நல்லது.

நிழல் இருந்தது, அன்ரன். ஒழுங்கை நெடுக, ஐந்தடிக்கு ஒன்று. ஆனால் அதன் கையில் குடை, தலையில் கொண்டை. அது நான்.

பூசை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே, "வெயில் சுடுதடா, கெதியா எடு" என்று பக்கத்தில் நின்று திட்டினேனே, அன்றைக்கு எடுத்தது. அந்தப் படத்தை நீ என்னிடம் காட்டவேயில்லை. பைலைத் தேடி எடுத்தேன். அதற்கு நீ வைத்திருந்த பெயர், "அக்கா நிக்கட்டும்."

என் பக்கத்தில் உன் நிழலும் விழுந்திருக்க வேண்டும். அதை நீயே துடைத்திருக்கிறாய். உனக்கு எங்கே அந்த வேலை தெரியும்? தண்ணீர் ஊறிய சுவர் போல ஒரு கலங்கல், ஓர் ஆளின் உயரத்துக்கு. என்னை விட்டுவைத்துவிட்டு உன்னை ஏனடா அழித்தாய்?

அம்மா அந்தக் கலங்கலைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். "இதில தானே பிள்ளை நிண்டவன்?" என்றார். "ஓமம்மா," என்றேன்.

எழுதியவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன், திருத்த முடியாது என்று. இன்னும் நூறு பேர் எழுதினாலும் அதே பதில்தான். உன் மற்றச் சுவர்களை எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். அந்தச் சுவரில் மட்டும், நான் உயிரோடு இருக்கும்வரை, என் கை படாது.

உன் பக்கத்தில் நிற்கிற
உன் அக்கா,
றீற்றா