வெள்ளிக்குள் காலியாகும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எதுவும் காயவில்லை. அம்மாவின் விரிப்புகள் ஹால் முழுக்கக் கொடியில்.

டாக்டர் வந்தார். அம்மாவின் கண்ணைப் பிரித்துப் பார்த்தார், என் கண்ணைப் பார்க்கவில்லை. "ரெண்டு நாள். சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க." நான் அழவில்லை. பால் பொங்கி வழிந்திருந்தது, துடைத்தேன்.

செய்ய வேண்டியவை: பள்ளி ஆபீசுக்கு லீவு. காரியம் செய்து வைக்கும் வாத்தியாரிடம் ஜாடையாக ஒரு வார்த்தை. கட்டில்.

கட்டில்தான் தொல்லை. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில், பாதி ஹாலை அடைத்துக்கொண்டு. அப்புறம் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது. கையோடு ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "பேஷண்ட் கட்டில், மெத்தையுடன். ரூ. 9000. பேரம் இல்லை. வெள்ளிக்குள் காலியாகும்." படத்தில் அம்மாவின் கால் தெரிந்தது. வெட்டினேன்.

மாடி ஏறினால் இருமல், மூச்சு வாங்குகிறது. மழைக்கு.

நவம்பர் 5, புதன்

கட்டிலைப் பார்க்க ஒருவர் வந்தார். தேனாம்பேட்டையாம். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நினைவில்லாமல் கிடந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, அவள் படுத்திருக்கும்போதே நீளம், அகலம் அளந்தார். "எங்க மாடிப்படி குறுகல் மேடம்." நான் தடுக்கவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கூடக் கொடுத்தேன்.

விலைக்குச் சரி என்றார். ஐநூறு முன்பணம் போனிலேயே அனுப்பினார். "சரி, உங்களுக்குத்தான்" என்று நானும் பதில் போட்டேன்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வசந்தி ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாக்கா இது, ஆளு படுத்துகினு கீறப்பவே அளவு எடுத்துகினு போறாரு." உன் வேலையைப் பார் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. அம்மா காபி கேட்டாள்.

"சுதா, டிகாஷன் இறங்கிடுத்தா?" நேற்றுத் தூங்கப் போனவள் எழுந்து கேட்பது போல. டம்ளரை அவளே பிடித்துக்கொண்டாள். டாக்டர் "சில சமயம் இப்படி ஆகும்" என்றார், அதோடு சரி. வசந்தியைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம்.

மத்தியானம் அம்மா: "கால்ல ஜில்லுனு ஏதோ பட்டுதுடீ. யாரு அளவெடுத்தா?"

கனவு என்றேன்.

"கனவுன்னா நீ ஏன் ஒரு முனையைப் பிடிச்சுண்டு நின்னே?"

உடனே குரூப்பில் போட்டதை அழித்தேன். அவருக்கு: "மன்னிக்கவும், கட்டில் விற்பதாக இல்லை." ஐநூறையும் திருப்பினேன். பதில் வந்தது. "அவசரமில்லை மேடம். காலியானதும் சொல்லுங்கள்." ஐநூறும் திரும்பி வந்தது.

காலியானதும். வார்த்தை நான் போட்டதுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். விரிப்புகள் காய்ந்தன. இருமல் விடவில்லை.

கூடப் படித்த வக்கீல் ரமணிக்குப் போன் செய்தேன். "விலை போடறது சும்மா கூப்பிடற மாதிரி. அதோட நின்னு மனசு மாறினா ஒண்ணுமில்ல. நீ சரின்னு சொல்லி முன்பணமும் வாங்கியிருக்கே. அது ஒப்பந்தம்."

"கேஸ் போடுவாரா?"

"ஒரு கட்டிலுக்கா? மாட்டார். ஆனா தப்பு உன்னுது."

ஃபீஸ் வாங்காத வக்கீல், பூசி மெழுக மாட்டாள்.

சாயங்காலம் ஜன்னல் திரையை விலக்கினால், எதிரே பஸ் ஸ்டாப்பில் அவர். பஸ்கள் வந்து போயின. அவர் ஏறவில்லை. கோபத்தோடு இறங்கிப் போனேன். எங்கம்மா போவதற்காகக் காத்திருக்கிறீர்களா என்றே கேட்டுவிட்டேன்.

"ஐயோ, இல்ல மேடம். அம்மா நல்லா இருக்கட்டும். நீங்க விலை சொன்னீங்க, நான் சரின்னேன். அதை நம்பி வேற எங்கயும் பாக்கல."

"கட்டில் யாருக்கு?"

"எனக்குத்தான். டாக்டர் ஒரு மாசம்னாரு. தனி ஆளு. படுத்தப்புறம் கட்டில் தேட யாரும் இல்ல, நடமாடறப்பவே வாங்கிப் போட்டுடலாம்னு."

வேறு கட்டில் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அதுதான் வேணும் மேடம். அதுல படுத்தவங்க எழுந்து காபி குடிக்கிறாங்களே."

நான் அவரிடம் சொல்லவே இல்லை. இரண்டாவது மாடி, திரை எப்போதும் மூடித்தான் இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

கட்டில் விஷயம் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. வசந்தியைக் கேட்டால், "நான் இன்னாத்துக்குக்கா சொல்லப் போறேன்" என்கிறாள்.

"எவ்வளவுக்குப் போட்டே?"

"ஒம்பதாயிரம்."

"தேவலை, நல்ல விலைதான்." கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "விலை சொன்னா குடுத்துடணும்டீ. நான் புடவை வித்தவ. ஒரு தடவை மாத்திப் பேசினா அப்பறம் எவ படியேறுவா?"

அப்பா போனபின் இதே ஹாலில் புடவை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

"என்னைக் கீழே விடு. பாயைப் போடு."

எங்கள் வீடுகளில் உயிர் பிரியும் நேரத்தில்தான் ஒருவரைக் கட்டிலிலிருந்து தரையில் விடுவார்கள், அவளுக்குத் தெரியாதா. முடியவே முடியாது என்று அழுதேன். அவளே காலைத் தொங்கப் போட்டு இறங்கிவிட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

கட்டில் போயிற்று. தூக்க ஆட்களை அவரே கூட்டி வந்தார். பாக்கியைக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர் ஃபிளாட் மாமி எட்டிப் பார்த்தாள். தரையில் அம்மா. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "எப்போ?" என்றாள் என்னிடம். "இன்னும் இல்லை, உள்ளே வா" என்றாள் அம்மா பாயிலிருந்து. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறி, இருமல் அடங்கக் கால்மணி.

கிளம்பும்போது அவர் வாசலில் நின்றார். "ஒண்ணு மேடம். எனக்குத் தேவை முடிஞ்சா, இதே விலைக்கு நீங்களே எடுத்துக்குவீங்களா?"

ஆள் போனால் போதும் என்றிருந்தது. "கண்டிப்பா" என்றேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 19, புதன்

அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறாள். ரசம் சாதம், இரண்டு அப்பளம். ஆனால் படுப்பது கட்டில் இருந்த அதே இடத்தில். கால்கள் அழுத்திய நான்கு தடங்களுக்குள்ளேயே புரள்கிறாள், தாண்டுவதில்லை.

வசந்தி: "நீ டாக்டராண்ட காட்டுக்கா. நாய் கணக்கா மூச்சு இழுக்குது உனக்கு." அடையாறில் எக்ஸ்ரே எடுத்தேன். வெள்ளிக்கிழமை யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். யாரைக் கூட்டிப் போவது.

நவம்பர் 26, புதன்

போன வெள்ளி போகவில்லை. வரும் வெள்ளி போகணும்.

காலையில் அவரிடமிருந்து: "மேடம், கட்டில் வெள்ளிக்குள் காலியாகும். சொன்னபடி எடுத்துக்கொள்வீர்களா?"

பாவம், முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, முடிகிறவர் எப்படி வெள்ளி என்று சொல்வார். "இப்போது தேவையில்லை" என்று அடித்தேன். அழித்தேன்.

"சரின்னு போடு" என்றாள் அம்மா, பின்னாலிருந்து. நான் படித்துக் காட்டவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

நல்ல மழை. டாக்டரிடம் போக முடியவில்லை.

கட்டில் வந்தது. கூடவே அவரும். அதே இஸ்திரிச் சட்டை, முகத்தில் நல்ல தெளிவு. இரண்டு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறி வந்தார். "டாக்டருக்கே ஆச்சரியம் மேடம். நடந்து போய் நின்னேன், நான்தான்னே நம்பலை."

அம்மா கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். "எண்ணெய் போட்டிருக்கார்டீ." பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். மெத்தையில் புது விரிப்பைத் தட்டிப் போட்டாள்.

"உனக்கா போடறே?" என்றேன்.

"நான் கீழேயே இருக்கேன். எனக்கு அங்கதான் சரிப்படறது."

ஒன்பதாயிரத்தை எடுக்க உள்ளே போக எழுந்தேன். பாதியிலேயே இருமல், மூச்சு முட்டிக் கண் இருட்டி, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அம்மாதான் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் போய்விட்டிருந்தார்.

இதை உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறேன். காலை நீட்டிப் பார்த்தேன். நீளம் சரியாக இருக்கிறது.